நூற்றைம்பது மில்லிமீட்டர்

கந்தோரிலிருந்து வந்த பொடியன்
எங்கள் காம்பராச் சுவர் வெடிப்பின் குறுக்கே
ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினான்.
"இது உடைஞ்சா மலை நகருதுன்னு அர்த்தம், அக்கா."
போகிறபோது ஒரு மழைமானியைக் கையில் தந்தான்.
எழுபத்தைந்தில் விழித்திருக்க வேண்டும்.
நூறில் மூட்டை கட்ட வேண்டும்.
நூற்றைம்பதில் யோசிக்கவே கூடாது,
எதிர்மலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.
மேல்கணக்கில் வேறு யாரும் கை நீட்டவில்லை.
நான் நீட்டினேன்.

ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று
ஞானம் தாரும் ஆண்டவரே என்று கேட்டவள்தான்.
கேட்கும்போது மனசில் இருந்தது
ஹப்புத்தளைக் கோயிலின் வண்ணக் கண்ணாடி வழியாக
விழுகிற வெளிச்சம் மாதிரி ஏதோ ஒன்று.
நான் வாய் திறந்தால் லயமே அடங்கிப்போகும் என்று
கொஞ்சம் ஆசையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
வந்தது பிளாஸ்டிக் குழாய்.
ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும்
படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு,
டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி
குனிந்து பார்க்க வேண்டிய குழாய்.

ஐப்பசியில் முதல் தடவை. நூற்று ஐம்பத்திரண்டு.
பதினெட்டுக் கதவையும் தட்டினேன்.
சவரியாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.
எலிசம்மா ஆடு இரண்டையும் விட்டு வரமாட்டேன் என்றாள்,
ஆடுகளும் வந்தன.
செபக்கூட்டம் நடத்துகிற கிறகோரி மட்டும்
இஸ்தோப்பில் கை கட்டி நின்றார்.
"இது பாறைமேல கட்டின வீடு, தங்கச்சி."
நமக்குக் கீழே பாறை இல்லை அண்ணே,
வெள்ளைக்காரன் வெட்டி நிரப்பின மண்
என்று சொல்ல நாக்கு வரை வந்தது.
அவர் குடையை எடுத்து விரித்துக் கையில் கொடுத்தேன்.
திட்டிக்கொண்டே வந்தார்.

விடிந்தது. மலை நின்ற இடத்திலேயே நின்றது.
வெயில் வேறு, வேண்டுமென்றே அடித்த மாதிரி.
அன்றைக்கு எல்லோருக்கும் அரைப்பேர்தான் விழுந்தது.
பெரட்டுக்களத்தில் என்னை
மழைமானி வாறா, மழைமானி வாறா என்றார்கள்.

இரண்டாவது தடவை நூற்று அறுபது.
அன்றும் விழவில்லை.

மூன்றாவது தடவை நூற்று நாற்பத்தெட்டு.
இரண்டு மில்லிமீட்டர்,
ஒரு நகக்கண் அளவு கூட இல்லை.
அன்றுதான் நான் உண்மையாகச் செபித்தேன் என்று நினைக்கிறேன்.
பயத்தையும் புத்தியையும் பிரித்துக் காட்டும் என்றேன்,
இரண்டும் இருட்டில்
ஒரே குரலில் அல்லவா கூப்பிடுகின்றன.
பதில் வரவில்லை. மழை வந்தது.
மறுபடி போய்ப் பார்த்தேன். நூற்று ஐம்பத்தொன்று.

கதவைத் தட்டக் கை கூசியது.
கிறகோரி கதவைத்தான் முதலில் தட்டினேன்,
கடைசிக்கு வைத்தால் அங்கே போகவே மாட்டேன் என்று பயந்து.
செருப்பைப் போட்டுக்கொண்டு,
குடையோடு, கதவுக்குப் பின்னாலேயே நின்றார் மனுசன்.
"நம்பிக்கை இல்லாம இல்ல," என்றார்.
"எனக்கும் தூக்கம் வரல்ல."

அன்றும் விழவில்லை.

விழுந்திருந்தால் என்னைக் கும்பிட்டிருப்பார்கள்.
விழாத மலைக்கு யார் சாட்சி சொல்வது?
மாசப் பூசைக்கு வந்த சாமியும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லத்தான் என்ன இருக்கிறது,
எண்பத்து மூன்று பேர் பெஞ்சில் நெளிந்து கிடந்து
காலையில் ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டு
வீட்டுக்குத் திரும்பி வந்ததைப் பற்றி.

கண்ணாடி இன்னும் உடையவில்லை.
தினமும் விரலால் தடவிப் பார்க்கிறேன்.
அதில் என் மூக்கு தெரிகிறது, ஒரு கண் தெரிகிறது,
பின்னால் வெடிப்பும் தெரிகிறது.

ஆண்டவரே,
அந்தப் பெரிய ஞானத்தை வேறு யாருக்காவது கொடும்.
எனக்கு மூன்று மணிக்கு எழும்ப உடம்பில் பலம் வேண்டும்.
டோர்ச்சுக்கு இரண்டு பெட்டரி வேண்டும்.
நாலாவது தடவையும் சிரிப்பார்கள்,
சிரிக்கட்டும், வந்தால் போதும்.

இப்போது தூறல்.
பதினொன்று.
பிள்ளைகளை எழுப்ப வேண்டியதில்லை.